பம்புக் குளத்தில் இல்லாத தும்பி

மே 12

என் குட்டிக்கு அப்பா எழுதுவது.

இந்தக் கடிதம் முழுக்க என் கையால் எழுதியது. முதியோர் மாலை வகுப்பு டீச்சர், "குடுங்க ஐயா, ஒரு தடவ பாத்துத் தரேன்" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். பிழை இருந்தால் அது என் பிழையாகவே இருக்கட்டும். போனில் பேசினால் போதாதா என்று நீ கேட்பாய். இத்தனை வருஷம் வாயால் பேசியாகிவிட்டது. இனிக் கொஞ்ச காலம் கையால் பேசிப் பார்க்கிறேன். போனில் சொன்னால் அப்போதே தீர்ந்துபோகிற செய்தி, எழுதினால் நாள் கணக்கில் என்னோடு கிடக்கிறது. அது நன்றாக இருக்கிறது.

கால் எப்படி இருக்கிறது? கட்டு பிரிக்கும்வரை மாடியை விட்டு இறங்காதே. தும்பி எண்ணுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய படத்தாளைப் பம்பு அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். போன வருஷம் என்றால் படத்தை மட்டும் பார்த்திருப்பேன். இப்போது கீழே இருக்கும் பெயரையும் வாசிக்கிறேன். ஆனால் குட்டி, உங்கள் கணக்கெடுப்பு ஆபீஸ் ஆட்கள் வைத்த பெயர் ஒன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் நானே வைத்துவிட்டேன். பச்சையும் கறுப்புமாகப் பெரிய உடம்போடு கரையோரம் போய்ப் போய்த் திரும்புகிறவர் போலீஸ்காரர். அவர் இருக்கும் பக்கம் வேறு எவனும் வரக்கூடாது, விரட்டிவிடுவார். பழுத்த மிளகாய் நிறத்தில் குச்சி நுனியில் உட்கார்ந்து, எல்லாரும் தன்னைப் பார்க்கட்டும் என்று இருப்பவன் மாப்பிள்ளை. வால் நுனியால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முட்டை போட்டுக்கொண்டே போகிறவள் டெய்லர். ஊசித்தட்டான் மட்டும் மூன்று வகை. அவை உட்கார்ந்ததும் சிறகை மடக்கிக்கொள்கின்றன. மற்றவை விரித்தபடியே இருக்கின்றன. இந்தக் குளத்துப் பம்பை ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து இவற்றைப் பார்க்கிறேன், இது கண்ணில் பட்டதே இல்லை. எழுத வேண்டும் என்று பார்த்தபோதுதான் பட்டது.

கோரைக் குளத்து நாற்காலிக்காரரை உனக்கு நினைவிருக்கிறதா? அந்தக் கரையிலேயே குடியிருந்து, அங்கே வெட்டும் கோரையால் நாற்காலிக்கு இருக்கை பின்னி மரச்சாமான் கடைகளுக்குப் போடுகிறவர். அவரும் என் வகுப்புதான். வகுப்பில் பெஞ்சு இருந்தும் தன் நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு வருவார். "அடுத்தவன் செஞ்சதுல உக்காந்தா எழுத்து வராதுய்யா" என்பார். உட்கார்ந்தும் அவருக்கு எழுத்து வரவில்லை, அது வேறு கதை. நான் அவரைவிட நன்றாக எழுதுகிறேன் என்று எல்லாரிடமும் சொல்கிறார். சொல்லிவிட்டு எனக்கும் ஒரு நாற்காலி செய்து கொடுத்தார். அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அவர் குளத்தில் அந்தி நேரத்தில் மட்டும் ஏதோ ஒன்று பறக்கிறதாம். படத்தாளில் அது இல்லை என்கிறார். ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும்.

கை வலிக்கிறது. சந்தோஷமான வலி.

அப்பா


மே 20

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு இடத்தில் அழித்து அழித்துக் காகிதம் ஓட்டையாகியிருக்கிறது. அந்த ஓட்டைக்குள் கண்ணை வைத்து எதிர்வீட்டு மொட்டை மாடியைப் பார்த்தேன். இங்கே எனக்கு வேறு என்ன வேலை.

பெயர்கள் அருமை. ஆனால் அறிக்கையில் போலீஸ்காரர் என்று எழுத முடியாது. அதனால் பக்கத்தில் படத்தாளின் எண்ணையும் போட்டுவிடுங்கள்.

ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் குழப்பம் வேண்டாம். புதுப் பேருந்து நிலையத்துக்காக ஊரில் ஒரு குளத்தை மூடப் போகிறார்கள். நம் பம்புக் குளம், இல்லையென்றால் கோரைக் குளம். இந்த வட்டாரத்தில் வேறெங்கும் இல்லாத தும்பி எந்தக் குளத்தில் இருக்கிறதோ, அந்தக் குளத்தை விட்டுவிடுவார்கள். அப்படி ஒன்றும் கிடைக்காவிட்டால், எதில் வகை அதிகமோ அது பிழைக்கும். கால் உடைவதற்கு முன் நான் எண்ணியபோது கோரைக் குளத்தில் இரண்டு வகை கூடுதலாகவே இருந்தது.

பம்புக் குளம் போனால் பம்பு அறை போகும். அதை ஒட்டிய உங்கள் அறையும் போகும். இந்த வேலையை உங்களிடம் கொடுத்தது தப்போ என்று படுத்துக்கொண்டே யோசிக்கிறேன். கொடுக்க வேறு ஆளும் இல்லை. அதனால் ஒன்றே ஒன்று. இரண்டு குளத்தையும் ஒரே கண்ணால் பாருங்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

அந்தியில் பறப்பதை மறக்காமல் போய்ப் பாருங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. நீங்கள் கண்டு எழுதினால் சொல்கிறேன்.

உங்கள் குட்டி


ஜூன் 9

என் குட்டிக்கு,

மழை வந்து குளம் நிரம்பிவிட்டது. மாப்பிள்ளை உட்காரும் குச்சி மூழ்கிவிட்டதால் இப்போது பம்பின் கைப்பிடியில் உட்காருகிறான். நான் பம்பைப் போடப் போனால் முறைக்கிறான். இந்த மாதம் பார்த்தவற்றின் எண்களைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். முகம் வெள்ளையாக, உடம்பு சாம்பல் பூசினாற்போல் ஒன்று புதிதாக வந்திருக்கிறது. அதற்குச் சாமியார் என்று பெயர்.

இன்னொரு செய்தி. நம் குளத்தில் அந்தி சாயும்போது ஒரு தும்பியைப் பார்த்தேன். பெரியது. பழுப்பு உடம்பு, கண் இரண்டும் பச்சை, சிறகின் விளிம்பில் தேன் தடவினாற்போல் ஒரு நிறம். வெளிச்சம் இருக்கும்வரை எங்கேயோ ஒளிந்திருந்துவிட்டு, இருட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம் மட்டும் வெளியே வருகிறது. துண்டில் பிடித்தேன். முடிச்சுப் போட்டபோது நசுங்கிவிட்டது. ஒரு சிறகு முழுதாக இருக்கிறது. இத்துடன் வைத்திருக்கிறேன்.

கோரைக் குளத்தில் புதிதாக ஒன்றும் இல்லை.

வேறு விசேஷம் இல்லை. கை வலிக்கிறது.

அப்பா


ஜூன் 17

அப்பா,

சிறகு பத்திரமாக வந்தது. அது அந்தித்தும்பி. இந்த வட்டாரத்தில் இதுவரை யாரும் பார்த்ததாகப் பதிவே இல்லை. உறையைப் பிரித்ததும் ஊன்றுகோலை மறந்து எழுந்து நின்றுவிட்டேன். பிறகு வலித்தது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நம் குளத்தில்தானே பார்த்தீர்கள்? எந்தக் கரையில்? அது எப்போதும் தண்ணீருக்குள் நிற்கும் கோரையின் அடியில்தான் முட்டை வைக்கும். நம் குளத்தில் மூன்று பக்கமும் சிமென்ட். அதனால் கேட்கிறேன்.

குட்டி


ஜூன் 25

குட்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ கேட்ட கரை தெற்குக் கரை. சிமென்ட் இல்லாத பக்கம். அங்கே கொஞ்சம் புல் இருக்கிறது, உனக்கே தெரியும்.

இந்த வாரம் அதிகம் எழுத முடியவில்லை. பென்சில் சிறுத்துவிட்டது. டீச்சர் எல்லாரும் தங்கள் நண்பரைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னார். நாற்காலிக்காரர் என்னைப் பற்றி எழுதினார். நான் தலைவலி என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

அப்பா


ஜூலை 14

அப்பா,

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். பம்புக் குளம், தெற்குக் கரை, அந்தித்தும்பி என்று அதில் இருக்கிறது. அலுவலகத்தில் முடிவு செய்துவிட்டார்களாம். நம் குளத்தைத் தொட மாட்டார்கள். உங்கள் அறை உங்களுக்கே.

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். நீங்கள் சந்தோஷமா என்று எழுதுங்கள்.

குட்டி


ஜூலை 30

என் குட்டிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, காகிதம் தீர்ந்து டீச்சரிடம் வாங்கி வந்து எழுதுகிறேன்.

நாற்காலிக்காரர் வீட்டுக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். அவர் அதைக் கிழியாமல் உரித்து எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். "பம்பு, இத வாசிப்போம் வா. ஆளுக்கு ஒரு வரி" என்றார். வகுப்பில் பாட்டு வாசிப்பதுபோல இரண்டு பேரும் விரலை வைத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தோம். முதல் வரி அவருடையது. இரண்டாவது என்னுடையது. மூன்றாவது வரியில் அவர், "மூ... மூட... மூடப்..." என்று நின்றார். அந்தச் சொல்லை நான் தூரத்திலேயே வாசித்துவிட்டேன். ஆனாலும் சொல்லவில்லை. அவரே முட்டி மோதி, "மூடப்படும்" என்று முடித்தார். முடித்துவிட்டுச் சிரித்தார். தனியாக ஒரு பெரிய சொல்லைப் படித்துவிட்ட சிரிப்பு அது. அர்த்தம் பிறகுதான் வந்து சேர்ந்தது.

"அப்ப என் குளமா போகுது?"

நான் தாளை மடிக்க ஆரம்பித்தேன்.

"அந்தித்தும்பி இருக்குன்னு உன் மகளுக்கு எழுதினியே, அத அவங்க படிக்கலயா?" என்றார். பிறகு அவரே எனக்குச் சமாதானமும் சொன்னார். "உன் எழுத்து புரிஞ்சிருக்காது. பெரிய ஆளுங்களுக்கு நம்ம எழுத்து எங்க புரியப் போகுது. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத."

குட்டி, அந்தித்தும்பி அவருடையது. அவர் குளத்தில், அவர் கையால் பிடித்தது. நான் போன அன்று முழங்கால் தண்ணீரில் கோரைக்குள் அசையாமல் நின்று, சிறகு கசங்காமல் இரண்டு விரலால் எடுத்து என் துண்டில் வைத்தார். "நான் எழுதினா கோழி கிளறின மாதிரி இருக்கும். நீதான் நல்லா எழுதுவ, நீயே எழுதிடு. என் குளத்துக்கும் ஒரு பேரு வரட்டும்" என்றார். வருகிற வழியில் நான்தான் முடிச்சை இறுக்கினேன்.

அன்று எழுத உட்கார்ந்தபோது "கோரைக் குளத்தில்" என்றுதான் எழுத நினைத்தேன். அறையைச் சுற்றிப் பார்த்தேன். சுவரில் உன் படத்தாள். அலமாரியில் என் சிலேட்டு. ஜன்னலுக்கு வெளியே போலீஸ்காரர். "நம் குளத்தில்" என்று எழுதினேன். எழுதுவது அவ்வளவு சுலபமாக அதற்கு முன் எனக்கு வந்ததே இல்லை. ஒரு இடத்தில்கூட அழிக்கவில்லை.

நான் வாயால் பொய் சொன்னதே இல்லை என்று சொல்ல மாட்டேன். பம்பு ரிப்பேர் என்று சொல்லிவிட்டுத் தூங்கியிருக்கிறேன். அதெல்லாம் சொன்ன இடத்திலேயே காற்றோடு போய்விடும். எழுதின பொய் போகவில்லை. அது உன் வீட்டுக்கு வந்து, உன் அறிக்கைக்குள் உட்கார்ந்து, ஆபீசுக்குப் போய், ஒரு தாளாகி, அவர் கதவில் வந்து ஒட்டிக்கொண்டது. எழுத்து இவ்வளவு தூரம் நடக்கும் என்று டீச்சர் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்னும் இருக்கிறது. ஆபீசுக்கு ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "இந்தக் குளத்தில் அந்தித்தும்பி இருக்கிறது, இதை என் நண்பரும் பார்த்திருக்கிறார்." கீழே கையெழுத்துப் போட்டார். வாழ்நாளில் முதல் கையெழுத்து. பக்கத்தில் என்னையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். "நீயே தபால்ல சேத்துடு" என்று என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

மனு அலமாரியில் இருக்கிறது. ஒரே கையால் எழுதிய இரண்டு காகிதம். உன்னிடம் ஒன்று, இங்கே ஒன்று.

என்ன செய்ய என்று நீ சொல். நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்.

அப்பா


ஆகஸ்ட் 6

அப்பா,

உங்களைத் திட்ட வேண்டும் என்று காகிதத்தை எடுத்தேன். முடியவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தெரியும், அப்பா. சிறகை லென்சுக்கு அடியில் வைத்த அன்றே தெரியும். அதன் அடியில் கோரை நார் ஒன்று ஒட்டியிருந்தது. நம் குளத்தில் கோரை ஏது? நான் பிறந்து வளர்ந்த குளம் எனக்குத் தெரியாதா? தெற்குக் கரையில் இருப்பது ஆடுகூடத் தின்னாத புல். அப்படியும் உங்களிடம் கேட்டேன். ஏன் கேட்டேன் தெரியுமா? நீங்கள் பொய் சொன்னால் அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளலாம் என்று. "அப்பா சொன்னார், நான் எழுதினேன்." அந்த நாரைச் சின்ன இடுக்கியால் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டவள் நான். அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

நீங்கள் இந்த வயதில் எங்கே போவீர்கள் என்ற ஒன்றைத்தான் நினைத்தேன். நாற்காலிக்காரர் எங்கே போவார் என்று நினைக்கவில்லை. அவர் எனக்கும் ஒரு சின்ன நாற்காலி செய்து கொடுத்திருக்கிறார், சின்னப் பிள்ளையில். அது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. வர வேண்டிய நேரத்தில் வரவில்லை.

செய்ய வேண்டியது இது. அறிக்கை தவறு என்று இன்றே ஆபீசுக்கு எழுதுகிறேன். நாரைப் பற்றியும் சேர்த்து. நீங்களும் ஒரு கடிதம் எழுதி, அவர் மனுவோடு வைத்து அனுப்புங்கள். அந்தித்தும்பி பறக்கும் பருவம் முடிந்துவிட்டது, இனி வந்து பார்த்தாலும் கண்ணில் படாது. ஆனால் தண்ணீருக்குள் இருக்கும் அதன் குஞ்சு மேலே ஏறி வந்து, கோரைத் தண்டைப் பிடித்துக்கொண்டு தோலை உரித்துவிட்டுத்தான் தும்பியாகிப் பறக்கும். அந்தத் தோல் காய்ந்து, சட்டையைக் கழற்றி மாட்டியதுபோல, தண்டிலேயே இருக்கும். அதை வைத்தே என்ன வகை என்று சொல்லிவிடலாம். வருகிறவர்களிடம் அதைத் தேடச் சொல்லுங்கள்.

அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் போனில் சொல்கிறேன் என்று எழுதப் போனேன். அழித்துவிட்டேன்.

குட்டி


ஆகஸ்ட் 24

என் குட்டிக்கு,

சொல்லிவிட்டேன்.

வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. ஆபீசுக்கு எழுதின கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து ஒரு பெரிய நாற்காலிக்கு இருக்கை பின்னிக்கொண்டிருந்தார். "வாய்யா பம்பு, மனு போச்சா?" என்றார். "இன்னிக்குத்தான் போகுது. கூட இன்னொண்ணும் போகுது. வாசிக்கிறேன் கேளு" என்றேன்.

நின்றபடியே வாசித்தேன். முதல் நாலு வரி அவருக்கு என் வாசிப்பில் பெருமை. "தடங்கலே இல்லயேய்யா" என்றார். ஐந்தாவது வரியில் பின்னுவதை நிறுத்தினார். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது. முடித்து என் பெயரையும் வாசித்தேன்.

அவர் கையில் இருந்த கோரையை முறுக்கிக்கொண்டே இருந்தார். அது அறுந்ததும் கேட்டார்.

"எம் மேல கோவமா உனக்கு?"

"இல்ல."

"அப்ப ஏன்யா?"

அறை போய்விடும் என்று பயந்தேன் என்று சொன்னேன்.

"பயந்தா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. ரெண்டு பேரும் சேந்து பயந்திருப்போம்."

நான் கடிதத்தை மடித்து, மனுவோடு சேர்த்துத் தபாலில் போட்டேன். மாலையில் வந்தார். என் அறைக்குள் வந்து, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில் கையை வைத்து, "எந்திரி" என்றார். எழுந்தேன். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார். இந்தக் கடிதத்தைத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து சாய்ந்திருக்கும்.

ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். என்னைக் கேட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். "பெரியவரே, மாத்தி மாத்திப் பேசினா எதைத்தான் நம்புறது?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கோரைத் தண்டில் சட்டை இருக்கிறதா என்று பாருங்கள், என்னை நம்ப வேண்டாம் என்றேன். குளத்தில் இறங்கவே தேவை இருக்கவில்லை. நாற்காலிக்காரர் வெட்டிச் சுவரில் சாத்தி வைத்திருந்த கட்டுகளிலேயே, அடித்தண்டோரம் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்கள். முதுகில் ஒரு கீறல். அந்த வழியாகத்தான் வெளியே போயிருக்கிறது. கால்கள் மட்டும் இன்னும் எதையோ பிடித்தபடி இருந்தன.

அவர்களை விட்டுவிட்டுத் திரும்பி வந்தால் என் குளத்தில் போலீஸ்காரர் ரோந்து போய்க்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, குட்டி. பொய் சொன்னபோது ஒரு குளத்துக்குத் துரோகம். உண்மை சொன்னபோது இன்னொன்றுக்கு. இவர்களை எண்ணி எண்ணிப் பெயர் வைத்ததே நான்தான்.

வகுப்பில் அவர் இப்போது தன் நாற்காலியைக் கடைசி வரிசையில் போட்டுக்கொள்கிறார்.

அப்பா


செப்டம்பர் 2

அப்பா,

என் கடிதமும் போய்ச் சேர்ந்துவிட்டது. முடிவை மாற்றிவிட்டார்கள், இனி மூடப்போவது நம் குளம். கணக்கெடுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இனி இரண்டு வருஷம் எந்த அறிக்கையிலும் என் கையெழுத்து இருக்காது. சரிதான். வருத்தப்பட்டு எழுதாதீர்கள், அந்தக் கடிதத்தை வாசிக்க மாட்டேன்.

போலீஸ்காரரை நினைத்து அழ வேண்டாம். பறக்கிறவை எப்படியும் வேறு தண்ணீர் தேடிப் போய்விடும். போக முடியாதவை சேற்றுக்குள் இருக்கும் குஞ்சுகள். மண்ணைக் கொட்டுவதற்குள், கரையோரச் சேற்றை வலையால் அள்ளி, பக்கெட்டில் அதே குளத்துத் தண்ணீரை விட்டுப் பக்கத்தில் உள்ள குளத்துக்கு மாற்றலாம். இரண்டு குளத்துக்கும் ஒரே வாய்க்கால் தண்ணீர்தான், பாதகமில்லை. ஆபீசிலும் கேட்டுவிட்டேன். அங்கே இருப்பவருக்குச் சம்மதம் என்றால் செய்யலாம் என்றார்கள்.

அங்கே இருப்பவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கட்டு பிரித்துவிட்டார்கள். என் அறையில் இன்னொரு கட்டிலுக்கு இடம் இருக்கிறது. யோசியுங்கள்.

குட்டி


செப்டம்பர் 21

என் குட்டிக்கு,

அறையைக் காலி செய்யச் சொல்லிக் காகிதம் வந்துவிட்டது. தபால்காரர் வழக்கம்போல, "பிரிச்சுப் படிச்சுச் சொல்லட்டுமா?" என்றார். "குடுங்க, நானே பாத்துக்கிறேன்" என்று வாங்கினேன். முதல் வரியிலிருந்து கடைசி முத்திரை வரை ஒரு இடத்திலும் நிற்காமல் வாசித்தேன். வாசித்து முடிக்கும்வரை எனக்கு ஒரே சந்தோஷம். நாற்காலிக்காரர் அன்று சிரித்த சிரிப்பு எனக்கு இப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

டீச்சர், வகுப்புக்குப் பின்னால் சாமான் போடும் அறை ஒன்று இருக்கிறது, கூட்டிச் சுத்தம் செய்தால் இருக்கலாம் என்றார். உன் கட்டில் இருக்கட்டும். இங்கே எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அது முடிந்ததும் வந்து படுத்துப் பார்க்கிறேன்.

நீ பக்கெட்டைப் பற்றி எழுதியதும் அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். முகம் கொடுத்துப் பேசாதவரிடம் வேறு எப்படிக் கேட்பது? அவர் வாசிக்கும்படி சின்னச் சின்னச் சொல்லாகத் தேடி எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லை முதலில் போட்டேன், பிறகு எடுத்துவிட்டேன். அது கேட்கிறவனுக்குச் சுலபம், கொடுக்கிறவனுக்குப் பாரம். என் குளத்துக் குஞ்சுகளுக்கு உன் குளத்தில் இடம் தருவாயா என்று மட்டும் எழுதி, கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன்.

நாள் போய்க்கொண்டே இருந்தது. வகுப்பில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டீச்சர் என்னை வாசிக்கச் சொன்னால் அவர் ஜன்னலைப் பார்ப்பார். லாரிகள் மண் கொண்டுவந்து கரையில் குவிக்க ஆரம்பித்துவிட்டன. மாப்பிள்ளை அந்த மண் குவியலின் உச்சியில் போய் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றுதான்.

இன்று மாலை வகுப்பு முடிந்து வந்தால் என் அறை வாசலில் நாற்காலி நிற்கிறது. என் நாற்காலிதான். கால் இருக்கிறது, கை இருக்கிறது, முதுகு இருக்கிறது. உட்காரும் இடம் மட்டும் இல்லை. பின்னலை முழுக்கப் பிரித்து எடுத்துவிட்டார். வெறும் சட்டம்.

அதன் முதுகில் ஒரு காகிதம் கட்டியிருந்தது. கோழி கிளறின எழுத்து. விளக்கைக் கிட்டே வைத்துக்கொண்டு வாசித்தேன். அப்படியே எழுதுகிறேன்.

"உனக்கு இனி நான் பின்ன மாட்டேன். நீயே வந்து கோரை வெட்டு. நீயே பின்னு. வெட்டும் முன் தண்டில் தும்பி சட்டை கழற்றுகிறதா என்று பார். வரும்போது பக்கெட்டில் உன் போலீஸ்காரர்களையும் கொண்டு வா."

இதில் எத்தனை பிழை என்று நான் எண்ணவில்லை, குட்டி.

விடிந்ததும் போகிறேன். பக்கெட் இரண்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். எனக்குப் பின்ன வராது, பழக எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. அதுவரை கடிதமெல்லாம் தரையிலிருந்துதான் வரும். எழுத்து சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா